அரை கிளாஸ் டீக்கு நன்றி

டீக்கடை மாஸ்டர் அண்ணனுக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்தாருக்கும் வணக்கம்.

குடிப்பழக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த எங்கள் தம்பியை உங்கள் கூட்டத்துக்குக் கூட்டிவந்த கதை தெருவுக்கே தெரியும், திரும்ப எழுத வேண்டாம். பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் இந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதற்கே பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்றுதானே பொருள்? அவர்களுடைய 12 மரபுகளில் கடைசியும் அதைத்தான் சொல்கிறது. அதனால் ஊர், பெயர் எதுவும் இல்லாமலே எழுதுகிறோம்.

மாஸ்டர் அண்ணே, "இங்க ஏதோ கூட்டம் நடக்குமாமே" என்று பாதிக் குரலில்தான் கேட்டோம். என்ன கூட்டம் என்று நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. தம்பியின் கையை ஒரு தரம் பார்த்தீர்கள். கிளாஸில் பாதிதான் ஊற்றினீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறாம் நாள், நடுக்கம் முழுசாக விட்டிருக்கவில்லை. விளிம்பு வரை ஊற்றியிருந்தால் சட்டையில் கொட்டியிருக்கும். கொட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் எழுந்து அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். முதல் பாதி முடிந்ததும் இன்னொரு பாதி, அப்புறம் மூன்றாவது பாதி. சீனி தூக்கல். வாங்கியது ஒரு டீக்குத்தான் காசு.

அதோடு விட்டீர்களா? மெயின் ரோட்டில் போனால் நாலு நிமிஷம், ஆற்றங்கரைச் சந்தில் போனால் பத்து நிமிஷம் என்றீர்கள். "பத்து நிமிஷ வழியில போங்க, திரும்பும்போதும் அதுலயே வாங்க." காரணம் சொல்லவில்லை. மெயின் ரோட்டு முனையில் டாஸ்மாக். கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை. கூட்டம் எட்டரைக்கு முடிகிறது. மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் கண்டம். கூட்டத்துக்குப் போகும் கால் தானாகப் போகும், திரும்பும் காலுக்குத்தான் வழி சொல்ல ஆள் வேண்டும். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாங்களும் கேட்கவில்லை.

போனில் முதலில் பேசியவர், பக்கவாட்டு கேட்டில் நின்று கைகாட்டியவர், கடைசி டவுன் பஸ் வரும்வரை கூட உட்கார்ந்தவர், வார்டில் ராத்திரி பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மா எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

இதே தேடலில் இருக்கும் வீட்டாருக்குக் கொஞ்சம். தினம் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் அடைத்துவைத்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் ஆஸ்பத்திரி. அங்கேயும் வெறும் குளுக்கோஸ் பாட்டில் போதாது, அதற்கு முன்னால் வைட்டமின் பி1 ஊசி போகவேண்டும். இல்லாவிட்டால் மூளைக்குக் கெடுதல். குடியை நிறுத்தும் பொடி என்று சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுப்பது இன்னும் மோசம். அதில் குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்து இருந்து, அவர் குடித்தும் விட்டால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அந்த மருந்தை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும்.

கூட்டம் எங்கே என்று தெரியாதவர்கள் 14446-ல் கேட்கலாம், அது இலவச எண். மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் கேளுங்கள். கிடைத்த முகவரியை நம்பி நேரே போய்விடாதீர்கள். ஹால் இரவல், கல்யாணம் திருவிழா என்றால் இடம் மாறும். பல இடத்தில் போர்டும் இருக்காது. முன்னாலேயே போன் போட்டு என்றைக்கு, எந்த கேட், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்ததில் வீட்டாரும் உட்காரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும், வீட்டார் வாசலோடு நிற்கவேண்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக 1951-லிருந்தே இருக்கிறது. கட்டணம் கிடையாது. உண்டி சுற்றி வரும், முதல் நாள் வந்தவர் போடவேண்டியதில்லை. பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். டாக்டர் வந்து புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அங்கே பேசுகிறவர் எல்லோருமே குடித்தவர்கள். ஒரே கூட்டத்தில் பலன் தேடாதீர்கள். எங்களுக்குச் சொன்னது 90 நாளில் 90 கூட்டம். நம் பக்கம் தினம் கூட்டம் கிடையாதே என்றால், நடுநாட்களில் போனில் பேசச் சொல்கிறார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1935 ஜூன் 10. மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருஷம், தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு இரண்டு நாள் முன்னால். நம் கணக்கில் மறக்காது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கும் சென்னை டி.டி.கே. மருத்துவமனை முகாம் போட்டு ஊரிலேயே வைத்தியம் பார்த்ததைப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். டெல்டாவுக்கு இது புதுசில்லை, நாம்தான் வாய் திறந்து கேட்பதில்லை.

தை அறுப்புக் கூலி கைக்கு வரும் மாதம் ஆபத்தான மாதம். அந்த வியாழக்கிழமைகளில் எங்களில் ஒருவர் ஆறரை மணிக்கு உங்கள் கடை பெஞ்சில் இருப்போம். பாதிக் குரலில் கேட்கிறவரைச் சந்து வழியாகக் கூட்டிப்போகிறோம்.

மூன்று அரை கிளாஸ் என்றால் ஒன்றரை டீ அண்ணே. அரை டீ காசு பாக்கி இருக்கிறது, வரும் வியாழன் தருகிறோம்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைச் சந்து வழியே வந்த குடும்பத்தார்