கடன் வாங்கி மிஷின் இறக்குவதற்கு முன்னால் ஒரு மேசைப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு மரவேலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னப் பட்டறைகள் நொடித்துப்போவதற்கு மிஷின் வாங்கக் காசில்லாததுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எந்தப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாலும் இன்றைக்கு மரத்தில் காடி என்கிற நீளப் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டுகிற ரூட்டர் மிஷினோ, குறைந்தது அதன் சின்ன வகையான டிரிம்மரோ கிடக்கிறது. அதைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவதோடு நம் ஆட்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே மிஷினைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் மாட்டி, சுற்றி வெட்டுகிற முனையான பிட் மட்டும் மேலே தெரிகிற மாதிரி வைத்து, மரத்தை அதன் மேல் தள்ளினால் வேலையே வேறு. அந்த மேசைப்பலகையைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முக்கால் அங்குல அகலச் சட்டத்தில் பீடிங், அதாவது அலங்கார விளிம்பு, ஓட்ட வேண்டும் என்று வையுங்கள். ரூட்டரின் அடித்தட்டு உட்காரவே அங்கே இடமில்லை. கை லேசாகச் சாய்ந்தாலும் பள்ளம் விழும், அந்தச் சட்டம் அப்புறம் அடுப்புக்குத்தான். மேசையில் மிஷின் அசையாது, மரம்தான் நகரும், பத்தடிச் சட்டமானாலும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆழம்.

நம் பக்கத்து வேலைக்கு இது இன்னும் பொருந்தும். இங்கே புது வீட்டு வேலைக்கு இணையாகப் பழைய வீட்டு வேலையும் வருகிறது, கானாடுகாத்தான் மாதிரி ஊர்களில் பெரிய வீடுகள் சில ஓட்டலாகவே மாறிவிட்டன. ஜன்னல் கதவில் ஒரு சட்டம் உளுத்திருக்கும். பர்மா தேக்கில் அந்தக் காலத்து ஆசாரி கையால் இழைத்த பீடிங், அச்சு அசல் அதே மாதிரி வேண்டும் என்பார்கள். அதற்கு அப்படியே பொருந்துகிற பிட் கடையில் கிடைப்பது அபூர்வம். ஆனால் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த பீடிங்கில் ஒரு அரை உருண்டை, அதற்குக் கீழே ஒரு படி, அப்புறம் உள்ளே வாங்கிய ஒரு குழிவு, அவ்வளவுதான் இருக்கும். மூன்றுக்கும் மூன்று பிட், மூன்று ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிட்டின் உயரத்தையும், மரம் ஒட்டிப்போகிற தடுப்புக்கட்டையையும் மாற்றிக்கொண்டே போனால் பழைய துண்டும் புதுத் துண்டும் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிடும். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். கையில் பிடித்து இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதற்காக நிலைக்கு மேலே இருக்கிற கஜலட்சுமியையும் கொடிப்பூவையும் ரூட்டரால் செதுக்கிவிடலாம் என்று வீடியோ காட்டிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, அது உளியின் வேலை.

சரி, பலகைக்கு வருகிறேன். 19 எம்.எம். பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று போதும். 32 அங்குலத்துக்கு 24 அங்குலம் என்று வெட்டினால் (ரம்பம் தின்கிறது போகக் கொஞ்சம் குறையும்) ஆறு துண்டு விழும், அதில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பலகை தயார், மீதி தடுப்புக்கட்டைக்கும் காலுக்கும். ஆனால் எந்த ஷீட்டும் முழுச் சமமாக வராது. நேரான அலுமினியச் சட்டத்தை மேலே வைத்து எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, வீங்கிய பக்கங்கள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும். நடுவில் தொட்டுக்கொண்டிருக்கும், ஓரங்களைக் கிளாம்பு போட்டு இழுத்தால் ஒன்றின் வளைவை இன்னொன்று நிமிர்த்திவிடும். இதை எங்கே வைத்து ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். தரை பார்க்க வழவழவென்று இருக்கும், சட்டத்தை வைத்தால்தான் மேடு பள்ளம் தெரியும், அது பளிங்குத் தரையானாலும் ஆத்தங்குடிக் கல்லானாலும் சரி. கிரானைட் பலகை ஒன்று கிடைத்தால் அதன் மேல் வைத்து ஒட்டுங்கள்.

மைகாவை மேலே மட்டும் ஒட்டிவிட்டு அடியை மூளியாக விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேசைப்பலகைக்கு அது ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அடிப்பக்கம் ஈரம் குடிக்கும், மேல்பக்கம் குடிக்காது, பலகை வளையும். சமையலறை மேடையில் அரை எம்.எம். வளைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, இங்கே அது காடியின் ஆழத்திலேயே தெரியும். அதனால் இரண்டு பக்கமும் மைகா, நாலு ஓரத்திலும் ஏதாவது ஒரு பட்டி. மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை பிளைவுட்டைவிடச் சமமாக வரும் என்பது உண்மை, ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும், ஒழுகுகிற ஓட்டுக் கொட்டகையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மிஷினை நேராகப் பிளைவுட்டில் தொங்கவிட்டால் ஒன்றரை அங்குலக் கனம் பிட்டின் உயரத்தைத் தின்றுவிடும். அதனால் நடுவில் 6 எம்.எம். அலுமினியத் தகடோ, பேக்கலைட் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டோ பதிக்க வேண்டும், நடு ஓட்டையை லேத் பட்டறையில் போட்டுக் கொடுப்பார்கள். ரூட்டரின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டைக் கழற்றித் தகட்டின் மேல் வைத்தால் ஸ்குரு ஓட்டைகளுக்கு அதுவே அளவு, ஸ்குருவின் தலை தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும். பலகையில் தகடு உட்காரும் காடிக்கு டேப்பே வேண்டாம். தகட்டைப் பலகை மேல் வைத்து, நாலு பக்கமும் நேரான ரீப்பர் துண்டுகளை நெருக்கி ஒட்டிவிட்டுத் தகட்டை எடுத்துவிடுங்கள், மேலே பேரிங் உள்ள பிட்டை ரீப்பரை ஒட்டி ஓட்டினால் காடி தகட்டின் அளவுக்கே விழும். மூலைகள் மட்டும் பிட்டின் உருண்டைக்கு வரும், அதற்கேற்பத் தகட்டின் மூலையை அரத்தால் தேய்க்க வேண்டும். ஆழம், தகட்டின் கனத்தைவிட அரை எம்.எம். கூடுதலாக இருக்கட்டும். உள்ளே ஜிக்சாவால் வெட்டும்போது சுற்றிலும் ஐந்து நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) விளிம்பு விட்டு, மூலைக்கு ஒன்றாகத் தலை பதிகிற ஸ்குருவை அந்த விளிம்பில் முடுக்கி, அதை ஏற்றி இறக்கித் தகட்டைப் பலகையோடு மட்டமாக்கலாம். விரலால் தடவினால் சேரும் இடம் தட்டுப்படக் கூடாது. தகடு துளி மேலே நின்றாலும் மரத்தின் முனை அதில் இடித்து நிற்கும். வேலை முடிந்ததும் கனமான ரூட்டரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, மாதக்கணக்கில் தொங்கினால் நடுப்பகுதி தொய்யும்.

தடுப்புக்கட்டைக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நேராகவும் பலகைக்குச் செங்குத்தாகவும் இருந்தால் போதும், மேசையின் எந்த ஓரத்துக்கும் இணையாக நிற்க வேண்டிய அவசியமே கிடையாது. ஒரு முனையை ஒரு போல்ட்டில் நிறுத்தி, மறுமுனையைக் கிளாம்பு போட்டுக்கொள்ளுங்கள். பிட் நடுவில் இருந்தால் மறுமுனையை 1 எம்.எம். நகர்த்தும்போது பிட்டுக்கு நேரே அரை எம்.எம்.தான் நகரும், காசு கொடுத்து வாங்குகிற நுண்சரிப்படுத்தி இதைவிட என்ன செய்துவிடப்போகிறது? அடிவிளிம்பை ஒரு நூல் சீவிவிட்டால் மரத்தூள் அங்கே போய் ஒதுங்கும், மரம் தள்ளி நிற்காது.

இனி விரல் சம்பந்தப்பட்ட விஷயம். தடுப்பைப் பார்த்து நின்றால் மரம் வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும். மிஷின் தலைகீழாக இருப்பதால் மேலிருந்து பார்க்கிறபோது பிட் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது, எதிர்த்திசையில் தள்ளினால் மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கையைப் பிட்டுக்குக் கொண்டுபோய்விடும். பிட்டுக்கும் தடுப்புக்கும் நடுவில் மரத்தை விடவே கூடாது. ஒல்லியான பீடிங் வேண்டுமென்றால் அகலப் பலகையில் ஓட்டிவிட்டு அப்புறம் ரம்பத்தால் கிழித்துக்கொள்ளுங்கள். டிரிம்மர்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடுகிறவை. அதில் 3 அங்குல விட்டமுள்ள பிட்டை மாட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். பெரிய பிட்டுக்கு வேகம் குறைக்கிற பெரிய ரூட்டர்தான், சுற்று 10, 12 ஆயிரத்துக்குள். பழைய வீட்டு மரமானால் முதலில் காந்தத்தைத் தடவிப் பாருங்கள், உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று பிட்டின் கார்பைடு முனையைச் சில்லுச் சில்லாக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கரண்ட்தான். சுவிட்ச் போட்ட நிலையிலேயே கரண்ட் போகும், ஆள் டீ குடிக்கப் போய்விட்டு வந்து பிட்டை மாற்றக் கையை வைப்பார், அந்த நேரம் பார்த்துத் திரும்பி வரும். கரண்ட் போனால் தானாக விழுந்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடுகிற சுவிட்ச் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. மேசையின் முன்காலில், குனியாமல் முழங்காலால் தட்டி நிறுத்துகிற உயரத்தில் அதைப் பொருத்த வேண்டும். மேசையில் காசு மிச்சம் பிடிக்கலாம், இதில் பிடிக்காதீர்கள். அப்படியே பிட் மாற்றும்போது பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறார்கள். நல்ல திட்டம்தான், வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் கிடைத்ததும் பளபளவென்று இறக்குமதி ரூட்டர் மேசையை ஆர்டர் போட்டுவிட்டு, இழைக்கிற மிஷினுக்குப் பணம் இல்லாமல் நிற்பதில் அர்த்தமில்லை. பிளேனரையும் தூசி உறிஞ்சியையும் பட்டறையில் செய்ய முடியாது, கடன் அதற்குப் போகட்டும். அந்தத் திட்டத்தின் பயிற்சி வகுப்பில் மேசையைச் செய்யவும் அதில் பாதுகாப்பாக ஓட்டவும் அரை நாள் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மரவேலைக்குப் பக்கம் ஒதுக்கும்போது பழைய கதவின் வண்ணப்படம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, இந்த மேசையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று அளவுகளோடு போடுங்கள். மரத்தைத் தள்ளும் திசைக்கு அம்புக்குறி மறக்காமல் இருக்கட்டும், சுவரில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
மரப்பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
காரைக்குடி