தென்சிறகு, தலைவீடு

தஞ்சாவூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆபீஸ் சிநேகிதியும் அவள் வீட்டுக்காரரும் ஜனவரியில் வரப்போகிற விஷயத்தை அம்மா சொன்னாள். "அப்பா, தஞ்சாவூரில் பார்க்க வேண்டிய பத்து இடம் எழுதி அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய். பத்து இடத்தை போனில் தட்டினாலே கொட்டிவிடுமே, அதற்கு நான் எதற்கு? இரண்டு நாள்தான் இருக்கப் போகிறார்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். உனக்கு ஆறு வயசு, கோடை லீவு. பம்பாய் மாமா குடும்பத்தைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய், "இந்தக் கோபுர நிழல் தரையில் விழாது" என்று அளந்துகொண்டிருந்தேன். "அப்பா, அப்ப நான் கால் சுடாம எதுல நிக்கறேன்?" என்றாய் நீ. மாமா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றோடு நிழல் கதையை விட்டேன். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்பதையும் பிறகு விட்டேன். அது பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. அந்தப் பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்ததில்லை, நாயக்கர் காலத்தது. இவ்வளவையும் கழித்தாலும் கோயில் ஒரு அடிகூடக் குறையவில்லை. கருவறை மேல் 216 அடி விமானம், உள்ளே வெறும் கூடு. நம்முடையது வண்டல் பூமி, பக்கத்தில் கல்மலை கிடையாது, கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. இதற்கு மேல் பொய் எதற்கு?

அவர்களை நான் கூட்டிப்போய் நிறுத்தப்போவது சுவர் பக்கம். 1010இல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், ராஜராஜன் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தான். அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் வெட்டச் சொன்னவன் அவன். அக்கன் என்றால் குந்தவை. மனைவிமாருக்கு முன்னால் அக்காவைப் போட்டிருக்கிறான் பார் என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க குடும்பத்துல ஆயிரம் வருஷமா இதே கதைதானா" என்று அத்தையை நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வடபக்கத் திருச்சுற்றின் வெளிச்சுவரில் இருக்கிற கல்வெட்டு. முப்பத்து நாலு வருஷம் தபால் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். அந்த வழியாக எத்தனை முறை சைக்கிளில் போயிருப்பேன்! ரிடையர் ஆன பிறகு கல்வெட்டுகள் அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு முகவரிப் பட்டியல். கோயிலில் ஆடிப்பாட, சோழநாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் ராஜராஜன். ஒவ்வொருத்திக்கும் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், பெயர் என்ன என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை, தளிச்சேரி என்றால் கோயில் பெண்கள் குடியிருந்த தெரு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. இரண்டாம் வீடு: அதே கோயில், நக்கன் இரணமுகராமி. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல்.

பாப்பா, தபால்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பின்கோடு ஒன்றுதான் இல்லை. நம்பரே போடாத எத்தனை வீட்டுக்கு நான் மணியார்டர் கொண்டுபோய்த் தவித்திருக்கிறேன்! ஒருத்தி இறந்துபோனால், ஊரைவிட்டுப் போனால், அந்தப் பங்கு உறவில் அடுத்தவருக்கு. அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஒருவரைப் பார்த்து அமர்த்த வேண்டும். வாரிசு வேலைக்கு நம் ஆபீஸில் எத்தனை பேர் அலைந்தார்கள் என்று உனக்குத் தெரியும். பெண்களுக்குப் பிறகு நட்டுவம் செய்கிறவர், குடை பிடிக்கிறவர், துணி வெளுக்கிற வண்ணத்தார், தையல்காரர், குசவர், நாவிதர் எல்லோருக்கும் பங்கு எழுதியிருக்கிறது. தச்சர் குஞ்சரமல்லனுக்கு 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று அரசன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண்களைக் கேட்டா கொண்டுவந்தார்கள் என்று நீ கேட்பாய். சுவரில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

உன் சிநேகிதிக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே நம் ஊர் மறந்துபோயிருந்தது. கரிகாலன் என்று தலபுராணம் சொல்லிற்று, காடுவெட்டிச் சோழன் என்றார்கள் வேறு சிலர். 1886இல் சென்னைக்குக் கல்வெட்டு வேலைக்கு வந்த ஹுல்ஷ் என்கிற ஜெர்மானியர்தான் சுவரைப் படித்து ராஜராஜன் பெயரைச் சொன்னார். பிறந்த ஊர் டிரெஸ்டன். ஆம், நீ டிராமில் போய்வருகிற அதே ஊர். எங்கள் சுவரைப் படித்துக் கொடுத்தது உங்கள் ஊர்க்காரர் என்று நான் தமிழில் சொல்கிறேன், நீ போனில் மொழிபெயர்த்துவிடு.

சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் 1779இல் கட்டின ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் தேவாலயத்தையும் காட்டுவேன், அவரும் ஜெர்மானியர்தான். படுக்கையில் கிடக்கும் அந்தப் பாதிரியாரின் கையை மராட்டிய ராஜா சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிற சலவைக்கல் சிற்பம் உள்ளே இருக்கிறது, லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்தது. அந்தச் சரபோஜிதான் சரஸ்வதி மகால் நூலகத்துக்குச் சுவடி சுவடியாகச் சேர்த்தவர். கண்ணோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து எழுதின சிகிச்சைக் குறிப்புகள்கூட அவர் காலத்தில் உண்டு.

அரண்மனையைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. புறா எச்சத்தையும் உதிர்ந்த காரையையும் தாண்டிக் கலைக்கூடத்துக்குள் போனால் போதும். திருவெண்காட்டிலிருந்து வந்த வெண்கலச் சிவன், ரிஷபவாகனர், நிற்கிறார், 1011ஆம் வருஷத்தது. தலைமுடியையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காளைமேல் கையைச் சாய்த்த வாக்கில். காளை இல்லை. வெறும் காற்றில் கை. அங்கே நான் வாயைத் திறக்கமாட்டேன்.

தலையாட்டி பொம்மை இரண்டு வாங்கிக் கொடுத்துவிடுவேன். ஓவியக் கடைக்குக் கூட்டிப்போக மாட்டேன், விலை சொல்லியே களைத்துவிடுவார்கள்.

கோயில் மத்தியானம் மூடிவிடும், வெயிலில் கல்லும் பொரியும். அதனால் காலையில் ஆறரைக்கே கிளம்பிவிட வேண்டும், கெட்டி சாக்ஸ் கொண்டுவரச் சொல். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. அம்மா இட்லிக்குக் கடப்பா வைக்கப் போகிறாள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும்தானே, அவர்கள் நாக்குக்குக் காரம் தெரியாது.

இரண்டாம் நாள் காலையில் திருவையாறு. காரெல்லாம் வேண்டாம், டவுன் பஸ். பதின்மூன்று கிலோமீட்டர். ஐயாறப்பர் கோயிலுக்குள்ளே வடகயிலாயம் என்று ஒரு தனிக் கோயில் இருக்கிறதே, அதுதான் ராஜராஜனின் ராணி கட்டின ஓலோகமாதேவீச்சரம். தலைவீட்டுச் சேரமங்கை அங்கிருந்துதான் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்தாள். அவள் வந்த வழியில் நாங்கள் திரும்பிப் போவோம். வரும்போது அசோகா அல்வா வாங்கிக்கொள்கிறோம். உனக்கும் கால் கிலோ அவர்கள் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

அவர்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மறக்காமல் அனுப்பு. அம்மா மூன்று விதமாகச் சொல்கிறாள், மூன்றும் தப்பு போலத் தெரிகிறது. ஸ்டேஷனில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா