மென்பானங்களில் கஃபீன் அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

மென்பானங்களிலுள்ள சீனியின் அளவை நிறங்களால் காட்டும் முறை இலங்கையில் 2016 இல் வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும் நல்ல ஏற்பாடு அது. அதே போத்தலில், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீன் எத்தனை மில்லிகிராம் என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் பளிச்சென்று இருக்க வேண்டும்.

பரீட்சைக் காலத்தில் இரவு கண்விழித்துப் படிக்க என் மாணவர்கள் சக்தி பானம் வாங்குகிறார்கள். காலையில் நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள். தேநீரில் சாயம் கடுத்தால் நாக்கே சொல்லிவிடும். இந்தப் பானங்களில் சீனியும் அமிலமும் கசப்பை மூடிவிடுகின்றன. 355 மில்லிலீற்றர் கோலாவில் ஏறத்தாழ 35 மில்லிகிராம் கஃபீன் என்றால், 250 மில்லிலீற்றர் சக்தி பானம் பலவற்றில் 80 மில்லிகிராம். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் கூறியது. 25 கிலோ எடையுள்ள தம்பி அண்ணனின் டின்னைக் குடித்து முடித்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறான்.

அளப்பது கடினம் என்ற சாக்குக்கு இடமில்லை. பானத்தின் வாயுவை நன்றாக வெளியேற்றி, ஐதாக்கி, வடிகட்டிச் சிறு குப்பிகளில் இட்டால் மிகுதியை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பகுப்பு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதன் தானியங்கிக் கை ஒவ்வொரு குப்பியிலிருந்தும் சில மைக்ரோலீற்றரை எடுத்து, கலவையைப் பிரிக்கும் குழாயான நிரலுக்குள் செலுத்தும். கஃபீனும், பழுதாகாமல் காக்கச் சேர்க்கும் பென்சோவேற்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். இரண்டுமே புறஊதா ஒளியை உறிஞ்சுபவை என்பதால் இந்தப் பிரிப்பு அவசியம். 273 நானோமீற்றர் அளவில் கஃபீன் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அளவு கணிக்கப்படும். மாலையில் குப்பிகளை அடுக்கும் தட்டை நிரப்பினால் காலையில் முடிவுகள் தயார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, கஃபீன் செறிவு தெரிந்த நியமக் கரைசல்களையும் ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டியாக வேண்டும். அதைச் செய்யாத இயந்திரம் தரும் எண்ணை நான் ஏற்க மாட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லீற்றருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உள்ள பானங்களில், தேநீரும் கோப்பியும் நீங்கலாக, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உகந்ததல்ல என்ற எச்சரிக்கை கட்டாயம். நமக்கும் அது வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் மலையகத்தில் இதற்கு அறிவுப் பஞ்சமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நகரக் கடைகளிலும் தோட்டக் கடைகளிலும் மாதிரி எடுக்கட்டும். முடிவுகளைக் கோப்பில் பூட்டாமல் பாடசாலைகளுக்குத் தமிழில் அனுப்புங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் பொறுப்பை ஆசிரியர்கள் ஏற்போம்.

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்,
ஹட்டன்.