ரிச்சர்ட் ஹெக்கைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் கரிம உலோக வேதியியலில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். “உலோகத்தையும் கரிமத்தையும் ஒட்டவைத்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டிருக்கிறாய். அதற்கு, நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் ஹெக்கின் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஹெக் 1931இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் வேதியியலாளர் வின்ஸ்டைனிடம் முனைவர் பட்டம், அப்புறம் சூரிச்சில் இன்னொரு வேதியியலாளர் பிரெலாக்கிடம் சிறிது காலம். 1957இல் டெலவேர் மாநிலத்தில் ஹெர்குலஸ் என்ற ரசாயனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் உலோகங்கள் பக்கம் வந்தார்.

அப்போது ஆல்கீனையும் (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் கோபால்ட்டோடு சேர்த்து ஆல்டிஹைடு என்ற கரிமச் சேர்மம் தயாரிப்பது பெரிய தொழில். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் தெளிவாக இல்லை. ஹெக்கும் சக வேதியியலாளர் பிரெஸ்லோவும் 1960, 61 வாக்கில் அதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். கோபால்ட் ஒரு கார்பன் மோனாக்சைடை உதறி இடம் உண்டாக்குகிறது. அந்த இடத்தில் ஆல்கீன் வந்து உட்கார்ந்து, கோபால்ட்டுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே நுழைகிறது. பிறகு கார்பன் மோனாக்சைடும் அப்படியே நுழைகிறது, கடைசியில் ஹைட்ரஜன் வந்து ஆல்டிஹைடை விடுவிக்கிறது. உன் மகள் முதல் வருடத்திலேயே இதைப் படித்துவிடுவாள். என் கணக்கில் ஹெக்கின் பிற்காலச் சாதனை எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். உலோகத்தின்மேல் வினையின் ஒவ்வொரு படியும் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குப் புது வினையை யோசிக்க முடிந்தது.

1968இல் அமெரிக்க கெமிக்கல் சொசைட்டியின் இதழில் தொடர்ச்சியாக ஏழு கட்டுரைகள், ஏழிலும் ஆசிரியர் அவர் ஒருவரே! பாதரசத்தில் ஒட்டியிருக்கும் பென்சீன் வளையத்தைப் பல்லேடியம் என்ற உலோகத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஆல்கீனோடு இணைத்தார். அறை வெப்பநிலையிலேயே புதிய கார்பன்-கார்பன் பிணைப்பு கிடைத்தது. ஆனால் பாதரசம் விஷம். டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் 1972இல், மாணவர் நோலியோடு சேர்ந்து பாதரசத்தை விலக்கிவிட்டார். அயோடின் ஒட்டிய பென்சீனான அயோடோபென்சீனைப் பல்லேடியமே நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும், அமீன் என்ற காரப்பொருள் வினையில் உண்டான அமிலத்தை வாங்கிக்கொள்ள, பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிறது. அதனால்தான் கொஞ்சம் பல்லேடியம் போதும். ஜப்பானில் மிசோரோகி 1971இலேயே இதே வினையைத் தனியாகக் கண்டிருந்தார். ஹெக் அதைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி வருவதுதான் என்னை மிகவும் பாதித்த பகுதி. எண்பதுகளில் ஆராய்ச்சிக்குப் பணம் குறைந்துகொண்டே போனது. 1989இல் ஓய்வு பெற்றார். பிறகு மனைவியின் நாடான பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டார். அவர் பிளாஸ்க்கை விட்டு விலகிய காலத்தில்தான் உலகம் முழுக்க அவருடைய வினையை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியது. மருந்துக் கம்பெனிகளுக்கும், சிக்கலான இயற்கைப் பொருள்களைத் தொகுப்பவர்களுக்கும் அது அன்றாடக் கருவி ஆனது. 2010இல், பல்லேடிய வினைகளைக் கண்ட நெகிஷி, சுசுகி இருவரோடும் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 79. 2015இல் மணிலாவில் காலமானார்.

நீ ரத்த அழுத்தத்துக்குப் போடும் லோசார்டான் இருக்கிறதே, அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இணைக்க மெர்க் கம்பெனி வேதியியலாளர்கள் கண்ட ஒரு வழி, ஹெக்கின் வினையைப் போலவே பல்லேடியத்தால் கார்பன்களை இணைக்கும் சுசுகியின் வினைதான். என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்டதற்கு, தினமும் காலையில் உன் கையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

மகளிடம் ஒன்று மட்டும் சொல். வினையில் கிடைக்கும் விளைபொருள் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், வினை எப்படி நடக்கிறது என்றும் துருவிக் கேட்கும் ஆய்வகமாக இருந்தால், மானியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். அவளுடைய வழிகாட்டி எந்த உலோகத்தில் வேலை செய்கிறார்? காற்று படாமல் வேலை செய்யும் க்ளவ் பாக்ஸ் பெட்டி வசதி உண்டா? அடுத்த கடிதத்தில் எழுது. என்னிடம் இருக்கும் பழைய கரிம உலோகப் புத்தகங்களை அவளுக்கு அனுப்புகிறேன், முகவரி மட்டும் தா.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் தோழன்