அப்பாவின் குதிகால்

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் நீ திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாரில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. செருப்பு வார் உரசிக் காய்த்துவிட்டது என்று ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாரே, ஞாபகம் இருக்கிறதா? அது காய்ப்பு இல்லையடா. தசைநாரில் படிந்த கொழுப்பு.

ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 248 என்று வந்ததும், டாக்டர் கேட்ட முதல் கேள்வி அப்பா எத்தனை வயதில் போனார் என்பதுதான். 44 என்றேன்.

கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்கக் கல்லீரலில் ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு வரும். நமக்கு அப்பா பக்கம் வந்தது பழுது. பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு ரத்தத்தில் தேங்கி, குழாயின் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீ ஒல்லி, எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டாய், எல்லாம் சரி. அப்பாவும் ஒல்லிதான், தினமும் சைக்கிள் மிதித்தவர்தான். பத்தியம் மட்டும் இதற்குப் போதாது. மருந்தில்லாமல் விட்டால், இந்தக் கோளாறுள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயம் அடிவாங்கும்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது உன் கால் இல்லை, உன் மகள் பாப்பாதான். நீ கட்டியது அத்தை மகளை. அத்தைக்கும் 52 வயதில் நெஞ்சுவலி வந்தது. அப்பாவிடம் இருந்தது அத்தையிடமும் இருந்து, அது உன் மனைவிக்கும் வந்திருந்தால், பாப்பாவுக்கு இரண்டு பக்கமும் பழுதாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. குளிப்பாட்டும் சாக்கில் அவள் முழங்கை, முழங்கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். மஞ்சள் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் ரத்தத்தைப் பார்க்காமல் மனசு ஆறாது.

நான் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட ஆரம்பித்துவிட்டேன். மூன்று மாதத்தில் 248 என்பது 131 ஆகியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டுமாம், கூடவே எசெடிமைப் என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இப்படி ஒரு மாத்திரை இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்று பேரும் கிளம்பி இருங்கள். ஊசி என்றால் பாப்பா அழுவாள், மடியில் நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா