பாதாள சாக்கடைச் செலவை நியாயமாகப் பங்கிடக் கோரி மனு

அனுப்புநர்: கடலோர வார்டுகளின் குடியிருப்போர்

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: பாதாள சாக்கடைத் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்ற முன்மொழிவை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊருக்குப் பாதாள சாக்கடை வேண்டும் என்று பல வருடங்களாக மனு கொடுத்து வந்தவர்கள் நாங்கள்தான். அதனால் இதைத் திட்டத்துக்கு எதிரான மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் ஒரே இணைப்புக் கட்டணம், ஒரே மாதக் கட்டணம் என்று மன்றத்தின் முன் வந்திருக்கும் முன்மொழிவை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்.

கடலை ஒட்டிய எங்கள் தெருக்களில் இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் மண்ணில் வடிந்து சுத்தமாவதற்கு இடமே இல்லை, அப்படியே நிலத்தடி நீரில் கலக்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் மேலேறி நிற்கும். லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வைத்தால் அடுத்த வாரமே தொட்டி மறுபடி நிறைந்துவிடுகிறது, ஏனென்றால் உள்ளே இறங்குவது சுற்றிலும் இருக்கும் ஊற்றுநீர். கழிவுநீர் கலந்த நிலத்தடி நீரில் நைட்ரேட் என்ற உப்பு சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். ஆகவே சாக்கடை வந்தே தீர வேண்டும். அதற்கு எங்கள் பங்கைத் தரவும் தயாராக இருக்கிறோம்.

ஆனால் கடலோரத்தில் இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதைப் பார்த்தால்தான் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது விளங்கும். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் சிறிய குழாய் 100 மீட்டருக்கு அரை மீட்டருக்கு மேல் இறங்கிப் போக வேண்டும். எங்கள் நிலமோ தட்டை. கொஞ்ச தூரத்திலேயே குழாய் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அங்கே தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் பள்ளம் தோண்ட முடியும், ஆங்காங்கே கழிவுநீரைப் பம்ப் வைத்து மேலே தூக்கிவிடும் உந்து நிலையமும் கட்ட வேண்டும். மூட்டுகளில் உப்புநீர் கசிந்தால் அதையும் சேர்த்து இறைத்துச் சுத்திகரிக்கிற செலவு வேறு.

இன்னொன்று, குழாயின் அளவும் பம்பின் திறனும் ஊர் நிரம்பி வழியும் விடுமுறை நாளின் ஓட்டத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகின்றன. சாதாரண நாளின் ஓட்டம் மட்டும் போதுமென்றால் இவ்வளவு பெரிய பம்பே தேவைப்படாது. சரி, கூட்டம் போன பிறகு? அதே பெரிய குழாயில் தண்ணீர் மெலிந்து ஓடும், கசடு அடியில் தங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அந்த வாயு குழாயின் மேற்புறத்தில் அமிலமாக மாறி கான்கிரீட்டைத் தின்றுவிடும். ஆக, சீசன் கூட்டத்துக்காகக் கட்டுகிற செலவும், சீசன் இல்லாத மாதங்களில் பராமரிக்கிற செலவும் இரண்டும் அந்தக் கூட்டத்தால் வருபவை. இதை ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் மூன்று பேர் கொண்ட குடும்பமும் நூறு அறை கொண்ட விடுதியும் சமமாகச் சுமப்பது எந்தக் கணக்கு?

கட்டுமானச் செலவில் விடுதிகளின் பங்கை அவற்றின் சீசன் நாள் ஓட்டத்தை வைத்து நிர்ணயிக்கக் கேட்கிறோம். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வீடுகளுக்கும் குழாயில் இடம் ஒதுக்கித்தான் கட்டுகிறீர்கள். அவர்கள் தண்ணீர் செலவழிக்காத மாதத்திலும் நிலையான பங்கைச் செலுத்த வேண்டும். தெருவில் சாக்கடை வந்ததுமே விலை ஏறப்போகும் காலி மனைகளையும் விட்டுவிடக் கூடாது.

மாதக் கட்டணத்தைத் தண்ணீர் மீட்டரை வைத்து வாங்கலாம். வீட்டில் செலவாகும் நீரில் சுமார் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்று வைத்துத்தான் பொறியாளர்களே குழாயைத் திட்டமிடுகிறார்கள். சொந்த ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களை இதில் தப்பவிட்டால் மீட்டர் வைத்தவர்கள் மட்டும் ஏமாந்தவர்களாகிவிடுவோம்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது வீட்டு வாசலுக்கு உள்ளே ஆகும் செலவு. திட்ட மதிப்பீட்டில் அது இல்லவே இல்லை. எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு அம்மாவின் வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறம் இருக்கிறது, குழாய் வரப்போவது முன்வாசல் பக்கம். கொத்தனார் வந்து அளந்து பார்த்துவிட்டு, சமையலறைத் தரையையும் கூடத்தையும் உடைத்துத்தான் கொண்டுவர முடியும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரால் இணைப்பு எடுக்க முடியாமல் போனால் அந்த வீட்டுக் கழிவு பழையபடி எல்லாருடைய கிணற்றுக்கும்தான் வந்து சேரும். எனவே வீட்டுக்குள் குழாய் பதிக்கும் செலவையும் திட்டச் செலவிலேயே சேருங்கள். வசதியுள்ளவர்களிடம் அதை மாதக் கட்டணத்தோடு தவணையாக வாங்குங்கள், இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி செய்யுங்கள். வாடகை வீடுகளில் இணைப்புக் கட்டணம் உரிமையாளருடையது, அதைக் குடியிருப்பவர் தலையில் கட்ட விடக் கூடாது.

குழாய் 50 வருடத்துக்கு மேல் உழைக்கும். அதன் முழு விலையையும் முதல் சில வருடங்களிலேயே இன்று இருப்பவர்களிடம் வாங்கிவிடுவது நியாயமில்லை. நகராட்சி நீண்டகாலக் கடன் வாங்கிக் கட்டினால் நாளை இதைப் பயன்படுத்தப்போகிறவர்களும் பங்கெடுப்பார்கள். பம்புகள் அவ்வளவு காலம் தாங்காது, அவற்றை மாற்ற ஆண்டுதோறும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். சாக்கடைக் கட்டணம் தனிக் கணக்கில் இருக்கட்டும், வேறு செலவுக்கு அதைத் தொட வேண்டாம்.

கட்டணத் தகராறில் காலம் போனால் என்னவாகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் லாஸ் ஓசோஸ் என்ற சிறிய கடலோர ஊரைப் பார்க்கலாம். அங்கே 1983இல் செப்டிக் டேங்க் கழிவு வெளியேற்றத்துக்குத் தடை விதித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் எங்கே அமைய வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. 2005இல் தொடங்கிய வேலையை, தேர்தலில் வென்ற எதிர்த்தரப்பு நிறுத்தியது. அடுத்த ஆண்டே உள்ளூர் நிர்வாகம் திவால் மனு போட்டது. சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது 2016இல்தான். நம் ஊரில் அப்படி ஒரு 33 வருடம் வீணாகக் கூடாது.

எனவே கட்டணத் தீர்மானத்தை நிறைவேற்றும் முன், விடுதி, பூட்டிய வீடு, காலி மனை, சிறிய வீடு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு வருகிறது என்ற கணக்கை வார்டுவாரியாகக் கூட்டம் போட்டு எங்கள் முன் வைக்கும்படி வேண்டுகிறோம். கூட்டத்தை மாலை நேரத்தில் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். வராதவர்களுக்காக அந்தக் கணக்கை ஒவ்வொரு தெரு முனையிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோர வார்டுகளின் குடியிருப்போர்

இணைப்பு: தெருவாரியாகக் கையெழுத்துகள்