இரவில் கார் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள்

கார் ஷோரூம்களில் வேலை பார்க்கும் விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கார்களைப் பழுது பார்ப்பதும் வீடுகளில் சார்ஜர் பொருத்துவதும் எங்கள் தொழில். நீங்கள் சாவியைக் கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வண்டியோடு ஆண்டுக்கணக்கில் பழகுகிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில் எழுதுகிறோம்.

சிறிய பெட்ரோல் காரா, ஹைப்ரிடா (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளது), மின்சாரக் காரா என்று குழம்பி வருகிறவரிடம் நீங்கள் முதலில் பட்ஜெட்டைக் கேட்கிறீர்கள், அடுத்து நிறத்தை. அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இரவில் வண்டி எங்கே நிற்கும்? அங்கே அவர் பெயரில் ஒரு மின் இணைப்பு இழுக்க முடியுமா? முடியாது என்றால், வாராவாரம் பொது வேக சார்ஜரை நம்பித்தான் அவர் வாழ வேண்டியிருக்கும். அங்கே யூனிட் விலை பெரும்பாலும் வீட்டைவிட அதிகம், காத்திருப்பும் சேரும். அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோலோ ஹைப்ரிடோதான் பொருந்தும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

முடியும் என்றால், அடுத்துத் தினசரி தூரம். 230 வோல்ட் இணைப்பில் 10 ஆம்பியர் இழுக்கும் சாதாரண சார்ஜர் 2.3 கிலோவாட் தருகிறது, அதாவது மணிக்கு 2.3 யூனிட். சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஆறு முதல் எட்டு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதத்துக்கு மேல் வெப்பமாக வீணாகும். ஆக, நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குச் சுமார் 7 யூனிட், மூன்று மணி நேரம் போதும். அவர் தலையில் 7.4 கிலோவாட் சுவர் சார்ஜரைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. தினம் 150 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத்தான் அது வேண்டும்.

ஆனால் சாதாரண சார்ஜர் போதும் என்பதற்காகப் பழைய சாக்கெட் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். இங்கேதான் நிறையக் கெடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே நின்று நின்று ஓடும். கார் அப்படியல்ல, மணிக்கணக்கில் ஒரே சீராக மின்சாரத்தை இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பிடிமானம் தளர்ந்திருந்தால் அந்த ஓரிடத்தில் மின்தடை கூடிச் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, கடைசியில் கருகும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்யாது. வாடிக்கையாளர் கார் பழுது என்று உங்களிடம் வந்து நிற்பார். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி வயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது) வேண்டும். 32 ஆம்பியர் சார்ஜர் என்றால் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். தூரம் கூடினால் இன்னும் தடிமனாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். டெலிவரிக்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியன் போய்ப் பார்த்துவிட்டால் இதில் பாதித் தொல்லை வராது.

செலவைப் பேசும்போது "பெட்ரோலில் கால்வாசிதான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சிறிய பெட்ரோல் காரின் ஒரு லிட்டர், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மின்சாரக் காரின் சுமார் மூன்றே கால் யூனிட்டுக்குச் சமம். லிட்டருக்கு 25 தரும் ஹைப்ரிடுக்கு அதுவே நாலரை யூனிட். அவர் உண்மையில் கட்டும் யூனிட் விலையைக் கேட்டுப் பெருக்கிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

பிறகு விலை வித்தியாசம். அதையும் பெட்ரோல் லிட்டரிலேயே அளக்கலாம். மின்சாரக் கார் 3,000 லிட்டர் பெட்ரோலின் விலை அளவுக்குக் கூடுதல் என்றும், ஒரு லிட்டர் விலையில் 12 யூனிட் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 75,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 50 கிலோமீட்டர் ஓடினால் நாலு வருடம். தினம் 20 என்றால் பத்து வருடம்! இந்த இரண்டாமவருக்கு மின்சாரக் கார் வேறு காரணங்களுக்காகப் பிடித்திருக்கலாம், ஆனால் மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்க விடக்கூடாது.

ஹைப்ரிட் என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். மைல்டு ஹைப்ரிடில் இருக்கும் சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதன் பலத்தில் மட்டும் கார் ஓடாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேமித்து, நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஓடும். அதனால் அதன் லாபமெல்லாம் நகருக்குள்தான். பிரேக்கே பிடிக்காத நெடுஞ்சாலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. பல மாடல்களில் பின் இருக்கையருகே பேட்டரிக்குக் காற்றிழுக்கும் துவாரம் இருக்கும். அதைப் பைகளால் அடைத்தாலோ, ஃபில்டரில் தூசு சேர விட்டாலோ பேட்டரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

அடுத்து ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாக ஏற்றினால் ஓடும் தூரம். மணிக்கு 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு விசை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. வேகமாகப் போகிறவரின் பேட்டரி, விளம்பர அட்டையில் அச்சடித்த தூரத்துக்கு வெகு முன்பே இறங்கும். 80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜர் மெதுவாகிவிடும், பத்துக்குக் கீழே இறங்க விடவும் யாரும் துணியமாட்டார்கள் என்பதால், நீண்ட பயணத்தில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே கையில் இருப்பது பேட்டரியின் ஏறக்குறைய 70 சதவீதம் மட்டுமே.

பேட்டரி எந்த வகை என்றும் சொல்லி அனுப்புங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் பெரும்பாலும் வாரம் ஒருமுறை நூறு சதவீதம் ஏற்றச் சொல்வார்கள். அதன் வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், முழுதாக ஏற்றினால்தான் மீதம் எவ்வளவு என்று கார் சரியாகக் கணிக்கும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி) என்றால் அன்றாடம் 80 சதவீதம் போதும். வெயிலில் நூறு சதவீதத்தோடு நாள்கணக்கில் நிறுத்துவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

பெட்ரோல் கார் வாங்குகிறவருக்கும் ஒரு சொல் உண்டு. தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் எஞ்சின் சூடேறும் முன்பே அணைந்துவிடும். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலக்கும். அவர் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து ஆயில் மாற்ற வேண்டும்.

உங்கள் ஆர்டர் படிவத்தில் மூன்று வரி சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை: வண்டி நிற்கும் இடமும் அங்குள்ள மின் இணைப்பும், தினசரி தூரம், வருடத்தில் எத்தனை நாள் 200 கிலோமீட்டருக்கு மேல் போவார். இவற்றை நிரப்பிய பிறகு மாடலைப் பற்றிப் பேசுங்கள். வயரிங்கைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்களும் சார்ஜர் பொருத்துநர்களும்